உலை வைக்கவா, மைனி

ஆவுடையின் வீடு வெள்ளத்தில் இடியவில்லை. இடிந்து தொலைந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும் என்று கீழச்செங்கரையில் பின்னால் பல பேர் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த வீட்டுக்குள்ளேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னார்கள், அதுதான் கூத்து.

மார்கழியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் பெரியகுளத்துக் கரை உடைந்து, குளமும் ஆறும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது, சனங்களெல்லாம் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் நனைந்துகொண்டு நின்று பார்த்தார்கள். ஆற்றோரத்தில் கடைசியாக இருந்த ஆவுடை வீட்டை முதலில் தண்ணீர் சுற்றி வந்தது, பிறகு தொட்டுப் பார்த்தது, பிறகு தலைவாசல் நிலை கதவோடு தனியே கழன்று கிளம்பியது, அதன் பின்னால் பட்டாசல் என்கிற முன்கூடம், அதன் பின்னால் படுக்கிற அறை, அதன் பின்னால் கக்கூஸ், கடைசியில் புகைக்கூண்டோடு அடுப்பங்கரை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பஸ் பிடிக்கப் போகிற மாதிரி, ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அவை தண்ணீரில் மிதந்து போயின. ஒரு ஓடு உடையவில்லை. ஒரு சுவரில் கீறல் இல்லை.

தண்ணீர் வடிந்த அன்று பார்த்தால் பட்டாசல் போய் ஆதிமூலம் வாத்தியார் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. படுக்கிற அறை பலசரக்குக் கடை சொர்ணம்மாள் வீட்டோடு சேர்ந்திருந்தது. கக்கூஸ் போய்ச் சேர்ந்த இடம் பிரசிடெண்ட் வீடு. அவருக்கு ஏற்கெனவே மூன்று இருந்தன, தண்ணீருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? தாமரைப்பூ செதுக்கின தலைவாசல், கதவே இல்லாமல் கிடந்த ஊர்ச்சங்கக் கட்டடத்தில் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தி நின்றது. அடுப்பங்கரை மாடத்தி வீட்டின் பின்பக்கம், தொழுவத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில், நெடுநாள் அங்கேயே இருந்தது போல உட்கார்ந்திருந்தது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெள்ளம் என்று வந்தால் எது எங்கே ஒதுங்கும் என்று யார் கண்டது? பாய் ஒதுங்கும், பானை ஒதுங்கும், எருமை ஒதுங்கும், இந்த வருசம் பட்டாசல் ஒதுங்கியது. மூன்றாம் நாளே வாத்தியார் பட்டாசலில் பெஞ்சு போட்டு டியூசன் ஆரம்பித்துவிட்டார். சொர்ணம்மாள் படுக்கிற அறையில் அரிசி மூட்டைகளை அடுக்கினாள். பிரசிடெண்ட் கக்கூசுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் இடுப்பு அரைஞாணில் கோத்துக்கொண்டார். சங்கத்துக்காரர்கள் தாமரைப்பூவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள்.

மாடத்தி என்ன செய்தாள் என்று கேட்டால், மாடத்தி இட்லி அவித்தாள்.

அவள் பிழைப்பே அதுதான். பத்தொன்பது வருசமாக விடியற்காலம் விறகடுப்பு மூட்டி இட்லி அவித்து விற்கிறவள். அவளுடைய பழைய அடுப்படியில் புகை போக வழி கிடையாது. சன்னல் என்ற பேரில் இரண்டு செங்கலை எடுத்துவிட்டு ஓர் ஓட்டை. பத்தொன்பது வருசப் புகையும் அவள் நெஞ்சுக்குள்தான் போய்க் குடியிருந்தது. அவள் இருமுகிற சத்தத்தை வைத்துத்தான் தெருவில் மணி பார்ப்பார்கள். ஆவுடையின் அடுப்பங்கரையிலோ, அவள் புருசன் பூலுடையார் பார்த்துப் பார்த்துக் கட்டின புகைக்கூண்டு ஒன்று உண்டு. முதல் நாள் அதில் தீ மூட்டியபோது புகை, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக, நேரே மேலே ஏறி வெளியே போனதை மாடத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாம் வாரம் இருமல் நின்றது. மூன்றாம் வாரம், கலியாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக, இட்லித்தட்டைத் துடைத்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் புருசன் லிங்கம் பயந்துபோய் எட்டிப் பார்த்தான்.

ஆனால் மாடத்தி கெட்டவள் இல்லை. ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக நிற்கிறவள், மகளிர் குழுவுக்குத் தலைவி, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம் என்று பேர் வாங்கினவள். ஆவுடை அவளை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவாள். ரத்த சொந்தம் இல்லை, ஒரே ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பழக்கம். தினமும் இட்லி வியாபாரம் முடிந்ததும் ஆவுடை சட்டியும் அரிசியுமாக வந்து, தன்னுடைய அடுப்பங்கரை வாசலிலேயே, உள்ளே கால் வைக்காமல் நிற்பாள்.

"உலை வைக்கவா, மைனி?"

"இதென்னளா கேள்வி? ஒன் வீடு மாதிரி நெனச்சுக்கோ" என்பாள் மாடத்தி, தினமும், மனசு நிறைந்து.

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாள். தான் மெழுகின தரையில், தான் பதித்த அடுப்பில், உலை வைப்பாள். சோற்றை வடித்து எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துக் காலி மனையில் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சாப்பிடுவார்கள். படுக்க சொர்ணம்மாள் கடைக்குப் போவார்கள், கடை சாத்தினதும் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரிக்கலாம். வெளிக்குப் போக வேண்டுமென்றால் பிரசிடெண்ட் வீட்டில் சாவி கேட்க வேண்டும், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். ஒரு வீடு வைத்திருந்தவர்கள் இப்போது நாலு தெருவில் வாழ்ந்தார்கள்.

உதவிக்குக் குறைச்சலே இல்லை. வெளியூர்களிலிருந்து வேன் வேனாக வந்தது. வீடு போன குடும்பம் எது என்று கேட்டு, தார்ப்பாய்க்கு முன்னால் நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுத்தார்கள். பதினோரு பிளாஸ்டிக் வாளி வந்தது. வாளி ஒன்றுக்குக்கூட மூடி இல்லை. பிறகு ஒரு வேனில் மூடிகள் மட்டும் வந்தன, அவை வேறு அளவு. மூன்று சுவர்க்கடிகாரம் வந்தது, மாட்டச் சுவர் இல்லை. ஒரு சங்கத்தார் இரும்புக் கட்டில் கொடுத்தார்கள், அது வெயிலில் காய்ந்து, பனியில் நனைந்து, கோழிகள் அடைகிற இடமாயிற்று. கணக்கெடுக்க வந்த அதிகாரி மனையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தெருத்தெருவாகப் போய் அறை அறையாகத் தட்டிப் பார்த்தார். அவர் கையிலிருந்த தாளில் மூன்றே கட்டம்: முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதம் இல்லை.

"அம்மா, உங்க வீட்டுல ஒரு செங்கல் உடையல. இதை நான் எப்படிச் சேதம்னு எழுத? இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்" என்று மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, வாத்தியார் வீட்டுப் பட்டாசலில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

"வெளங்கும்" என்றாள் மாடத்தி. ஜீப் திரும்புகிறவரைக்கும் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள்.

தை பாதியில் ஒருநாள் ஆவுடை உலை வைக்க வந்தவள் அரிசியைக் களையாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரே மகள் செண்பகம், போன வருசம் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தது, ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. சம்பந்தகாரி போனில் கேட்டிருக்கிறாள்: பிள்ளையை அனுப்புகிறோம், எந்த வீட்டுக்கு அனுப்ப? தாய்வீடு எங்கே இருக்கிறது? தார்ப்பாய்க்கு அடியிலா?

"பங்குனிக்குள்ள என் பிள்ளைய ஒரு வீட்டுக்குள்ள கூட்டியாரணும் மைனி. ஒரு அறையானாலும் போதும். அது என் அறையா இருக்கணும்" என்றாள் ஆவுடை. அவள் அழவில்லை, அதுதான் மாடத்திக்குத் தாங்கவில்லை.

"நான் இருக்கேம்ளா" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடத்தி கிளம்பினாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

வாத்தியார் பொறுமையாகப் பதில் சொன்னார். "ஏ மாடத்தி, நானா போய் எடுத்தேன்? தண்ணி கொண்டாந்து விட்டுச்சு. இருபத்தாறு பிள்ளைக இதுல படிக்கி. பிள்ளைக படிப்பைக் கெடுக்கவா சொல்லுத? ஆவுடை எப்ப வேணும்னாலும் வந்து டிவி பாக்கட்டும், நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

சொர்ணம்மாள் மூட்டையைக் காட்டினாள். "இதைக் கொண்டு எங்கன வைக்க? பாவம்னு சொல்லித்தான் படுக்க விடுதேன். போன வாரம் ஒரு சேலைகூடக் குடுத்தேன், தெரியுமா ஒனக்கு?"

பிரசிடெண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு கக்கூசுக்கா இந்தச் சண்டை? மனு எழுதிக் குடு. தீர்மானம் போட்டு அனுப்புவோம்." சங்கத்துக்காரர்கள், கதவு இப்போது பொதுச்சொத்து ஆகிவிட்டது, பொதுச்சொத்தைத் தனியாருக்குத் தர விதியில் இடமில்லை என்றார்கள்.

"எரியுத வீட்டுல புடுங்குனது லாபம்னு உக்காந்திருக்கிய! ஆத்துல போற தண்ணிய அய்யா குடி அம்மா குடின்னு அவ வீட்டையே அவளுக்கு இரவல் குடுத்துட்டு, புண்ணியம்னு வேற சொல்லுதிய!" என்று மாடத்தி நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"ஒன் வீட்டு அடுப்பங்கரை என்ன ஆச்சு, மாடத்தி?" என்று சொர்ணம்மாள் கடைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"அது வேற" என்றாள் மாடத்தி, பட்டென்று. "என்கிட்ட அவ என்னைக்கு வேணும்னாலும் கேட்டு வாங்கிக்கிடுவா. மொதல்ல நீங்க குடுங்க." சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவளுக்கு அன்றைக்கு இருமல் வரவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது.

அடுப்பங்கரையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றலாமா என்று கொத்தனாரைக் கேட்டார்கள். பெயர்த்தால் அது வெறும் செங்கல்தான் என்றார் கொத்தனார். அப்போதுதான் பூலுடையார் வாயைத் திறந்தான். அவன் வாழைத்தார் சுமக்கிறவன், தலையில் சுமை இருக்கிறவனுக்குப் பேச்சு குறைவு.

"பிடிமண் எடுப்போம்" என்றான்.

தெற்கத்திச் சனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலசாமியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சிலையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பழைய கோயில் தரையில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, சிவப்புத் துணியில் முடிந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து, புது இடத்தில் போடுவார்கள். சாமி மண்ணுக்குப் பின்னாலேயே வந்துவிடும். பூலுடையாரின் பாட்டனார் சுடலைமாடசாமியை அப்படித்தான் கொண்டுவந்தார். சாமியே வரும்போது ஒரு பட்டாசல் வராதா? ஒரே ஒரு நிபந்தனைதான்: அந்த அறையின் தரை மண்ணை, அதை வைத்திருக்கிறவர் தன் கையால், மனசோடு அள்ளித் தர வேண்டும்.

ஊருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மண்தானே! யாருக்கும் எதுவும் குறைந்துபோகாத உதவி. மாசி மாதம் செவ்வாய்க்கிழமை காலையில் மேளம் வைத்து, வாழை கட்டி, பிரசிடெண்ட் வெள்ளை வேட்டியில், வாத்தியார் விபூதியில், சொர்ணம்மாள் புதுச்சேலையில், ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு பிடி மண் அள்ளிவந்து பூலுடையார் ஆளுக்கொன்றாக நீட்டின சிவப்புத் துணியில் போட்டார்கள். ஒருத்தருக்குக் கண்கூடக் கலங்கியது. கடைசியில் மேளம் மாடத்தி வீட்டுக்கு வந்தது. மாடத்தி கொத்துவேலை செய்கிற சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அடுப்பங்கரைக்குள் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது, புகை அதன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் எங்கே குனிந்தாள், எங்கே அள்ளினாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவளும் தன் கையைப் பார்க்காமல்தான் அள்ளினாள்.

ஐந்து பொட்டலமும் காலி மனைக்குப் போயின. பூலுடையார் திரும்பிப் பார்க்காமல் நடந்து, ஐந்தும் இருந்த இடங்களில் பிரித்து ஒவ்வொரு சிட்டிகை தூவி, மிச்சத்தை முடிந்துவைத்து, சூடம் கொளுத்தினான். ஊர் மொத்தமும் நின்று பார்த்தது. மத்தியானம் வரை நின்றது. பொங்கல் தின்றது. பிறகு வெயில் ஏறிவிட்டது என்று கலைந்து, அவரவர் போய்ப் பட்டாசலில் உட்கார்ந்தார்கள், மூட்டையை அடுக்கினார்கள், சாவியை இடுப்பில் செருகினார்கள். ஒரு ஓடுகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நாங்க குடுத்துட்டோம்பா. அது போகலைன்னா நாங்க என்ன செய்ய?" என்றார்கள். பூலுடையாருக்குப் பக்தி போதாது என்றார்கள். ஆவுடை சுத்தம் இல்லாமல் வந்திருப்பாள் என்றார்கள். அறைகளுக்கே இங்கேதான் இருக்கப் பிரியம், ஆற்றோரத்தில் ஈரம் அதிகம் இல்லையா என்று வாத்தியார் ஒரு காரணம் கண்டுபிடித்தார், அது எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாடத்தி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. இட்லிப்பானையை மட்டும் டங்கு டங்கென்று வைத்தாள். லிங்கத்தின் மேல் எரிந்து விழுந்தாள், மாட்டின் மேல் எரிந்து விழுந்தாள், மாவு புளிக்கவில்லை என்று மாவின் மேல் எரிந்து விழுந்தாள். யார்மேல் எரிந்து விழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

பங்குனி பிறந்து, சம்பந்தி வீட்டில் வளைகாப்பை அவர்களே முடித்து, ஒருநாள் காலை பஸ்ஸில் செண்பகம் ஒரு பையோடு தனியாக வந்து இறங்கினாள். கொண்டுவந்து விட யாரும் வரவில்லை. "ஒங்க அம்மைக்கு வீடு கிடைச்ச பொறவு நாங்க வாரோம்னு சொல்லிட்டாவ" என்றாள். வயிறு நிறைமாதம்.

ஊர் நன்றாகத்தான் கவனித்தது. பாலைக் கொடுத்தார்கள், பழத்தைக் கொடுத்தார்கள். "எங்க போனாலும் ஒன் வீடுதானே, ராசாத்தி" என்றார்கள். அது உண்மைதான். படுக்கிற அறை கீழத்தெருவில், சாப்பாடு வடக்குத் தெருவில், கக்கூஸ் மேலத்தெருவில். நிறைமாதப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து போகும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். செண்பகம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குள் தெருத்தெருவாக நடந்தாள்.

நாலாம் நாள் உச்சிவெயிலில், படுக்கிற அறையிலிருந்து கிளம்பி, பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய், அவர் வெளியூர் போயிருக்கிறார் சாவி அவர் இடுப்பில் என்று கேள்விப்பட்டுத் திரும்பின செண்பகம், நடுத்தெருவில் தார் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்துவிட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். அது பனிக்குடம் இல்லை. அடக்கி அடக்கி முடியாமல் போனதுதான். அதைச் சொல்ல வாய் வராமல் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, எதிரே மாவு ஆட்டிவிட்டு வந்துகொண்டிருந்த மாடத்தி பார்த்தாள். தன் முந்தானையை அவிழ்த்து அவள் மேல் போர்த்தி, தோளில் சாய்த்து, தார்ப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

செண்பகத்தைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ஆவுடை ஒரு வாளியை எடுத்தாள். பதினோரு வாளியில் ஒன்று. அதற்குள் ஐந்து சிவப்புப் பொட்டலங்கள் இருந்தன.

"இதை இன்னும் என்னத்துக்குளா வச்சிருக்க? தூக்கி எறி" என்றாள் மாடத்தி. "சாமியும் பொய், மண்ணும் பொய்."

"சாமி பொய் இல்ல, மைனி" என்றாள் ஆவுடை. பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாடத்தியின் முன்னால் வைத்தாள், புளி பருப்பு அளந்து வைக்கிற நிதானத்தோடு. "இது வாத்தியார் வீட்டு ரோசாச்செடி மண்ணு. டீத்தூள் கெடக்கு பாருங்க. இது சொர்ணம்மா கடை வாசல்ல கூட்டுன மண்ணு. இது பிரசிடெண்டு வீட்டுல கட்டட வேலைக்கு எறக்குன மணலு. இது சங்கத்துக்காரவ வேப்பமரத்தடில அள்ளுனது. பன்னெண்டு வருசம் நான் மெழுகுன தரை மைனி. எந்த அறைக்கு எந்த மண்ணுன்னு எனக்குத் தெரியாதா?"

ஐந்தாவதை அவள் பிரிக்கவில்லை. மாடத்திதான் பிரித்தாள். சாணி வாசம் வந்தது, மாட்டுமூத்திர வாசம் வந்தது, சாம்பல் வாசம் வரவில்லை. தொழுவத்து மண்.

"அன்னைக்கே தெரியுமா?"

"துணியில விழும்போதே தெரியும்."

"ஏன்ளா சொல்லல? நாலு பேருக்கு முன்னால என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கலாமே!"

"துப்பியிருக்கலாம்" என்றாள் ஆவுடை. "மறுநாள் எங்கன போயி உலை வைக்க?"

மாடத்தி எழுந்துவிட்டாள். அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இத்தனை நாள் தன் வாசலில் தலையைக் குனிந்து நின்றவள் நன்றியில் குனிந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, பாவி! வீட்டுக்கு வந்து நேராகப் பின்பக்கம் போனாள். அடுப்பங்கரை சுத்தமாக, அமைதியாக, அவளுக்காகவே கட்டினது போல இருந்தது. சாயங்கால இட்லிக்குப் பானை ஏற்றியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அடுப்புக்கு முன்னாலேயே கொத்தினாள். கரண்டி இரண்டு தடவை நழுவியது.

லிங்கம் வாசலில் நின்றான். "யோசிச்சுச் செய். ஒனக்கு மறுபடியும் இருமல் வரும்."

"வரட்டும்! பத்தொன்பது வருசம் இருமுனவ செத்தா போனேன்? போங்க அந்தப் பக்கம்!" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டுக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அள்ளினாள். கறுத்த மண், சாம்பல் கலந்தது, சூடாக இருந்தது. துணி தேடப் பொறுமை இல்லை. முந்தானையில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வடக்குத் தெரு தாண்டுகிறபோது பின்னால் ஏதோ பெரிய மாடு எழுந்திருக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு கேட்டது. அவள் திரும்பவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள், அவளுக்காக இல்லை என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. மினிபஸ் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்தான். கடைத்தெரு வழியாக, சாயங்கால வெயிலில், ஓடு குலுங்காமல், புகைக்கூண்டில் புகையோடு, உள்ளே இட்லிப்பானை கொதிக்கக் கொதிக்க, ஆவுடையின் அடுப்பங்கரை மாடத்திக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தது. அவள் காலி மனையில் முந்தானையை அவிழ்த்து மண்ணைப் போட்டாள். அடுப்பங்கரை அவளைச் சுற்றிக்கொண்டு போய், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அன்றைக்கு அவிந்த இட்லியைப் பிள்ளைத்தாச்சி சாப்பிட்டாள்.

மற்ற நாலும் வரவில்லை. மாடத்தி கொடுத்ததைப் பார்த்து ஊரே கொடுத்துவிடும் என்று பூலுடையார் நினைத்தான். பேசாதவர்களுக்கு இப்படித்தான் ஏதாவது ஆசை இருக்கும். ஊர் மாடத்தியைப் பாராட்டியது. சங்கக் கட்டடத்தில் விழா வைத்துச் சால்வை போடுவதாக முடிவாயிற்று. விழாவுக்கு வருகிறவர்கள் ஆவுடையின் தலைவாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும், அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. "சால்வை போடுத கையால ஒரு பிடி மண்ண அள்ளுனா கையா அழுகிப் போகும்?" என்று கேட்டு அனுப்பினாள் மாடத்தி. விழா ஒத்திவைக்கப்பட்டது.

செண்பகத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. சம்பந்திகள் வந்து பார்த்தார்கள். எட்டுக்கு ஒன்பது அடி அடுப்பங்கரை, அதற்குள் இரும்புக் கட்டில், தொட்டில், ஒரு சுவரில் மூன்று கடிகாரம். "ஒத்த அறைதான், ஆனாலும் வீடு" என்று சம்பந்தகாரி பிள்ளை நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைத்தாள். கக்கூசுக்கு இன்னும் மேலத்தெருவுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

மாடத்தி பழைய அடுப்படிக்குத் திரும்பினாள். புகையும் திரும்பியது, இருமலும் திரும்பியது, தெருவில் மறுபடியும் மணி பார்த்தார்கள். ஒரு வாரம் வீம்பாக இருமினாள். எட்டாம் நாள் காலை மாவில் முகம் கவிழ இருமியதில், இனி யாரும் இந்த இட்லியை வாங்க மாட்டார்கள் என்று லிங்கம் சொல்லாமல் அவளே புரிந்துகொண்டாள். மாவுச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றோரத்துக்கு நடந்தாள்.

அடுப்பங்கரைக்குள் ஆவுடை பேத்திக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். மாடத்தி வாசலில் நின்றாள். இரண்டு மாதத்துக்கு மேல் தன் வீடாகப் புழங்கின இடம், எந்த மூலையில் எது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், ஆனாலும் உள்ளே கால் வைக்க வரவில்லை. மாவுச்சட்டியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். எப்படிக் கேட்டாளோ இவள், தினமும் எப்படித்தான் கேட்டாளோ!

"ஆவுடை" என்றாள். "இட்லி ஊத்திக்கிடவா?"

ஆவுடை திரும்பிப் பார்த்தாள். மாடத்தி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"இதென்ன கேள்வி, மைனி?" என்றாள் ஆவுடை. "ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க."

குத்திச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று மாடத்திக்கு அன்றைக்கும் தெரியவில்லை, என்றைக்கும் தெரியவில்லை. உள்ளே போய் ஊற்றினாள். புகை மேலே போனது. நாலு ஈடு எடுத்து முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த பூலுடையாரின் மண்வெட்டியையும் ஒரு சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு, வாத்தியார் வீட்டைப் பார்த்து நடந்தாள்.